மெட்ச் தொடங்க முன்னமே "தோத்துட்டம்" என்று சொல்வது ஏன்?

கல்லடி ஆர்சனல்:

கனநாளாக உங்களிடம் கேட்க நினைத்த விடயம். ஓர் உதைபந்தாட்ட அணியை உயிராக நேசிக்கிறோம். அந்த அணி விளையாடும் நாளில் வேறு வேலை ஓடாது. ஆனால் மெட்ச் தொடங்க அரை மணித்தியாலம் இருக்கும்போது வட்ஸ்அப் குழுவில் முதல் ஆளாக "இண்டைக்கு முடிஞ்சுது" என்று போடுவதும் நாங்களேதான். ஏன் இப்படி?

நான் ஆர்சனல். 2022–23 இங்கிலாந்து பிரீமியர் லீக் பருவத்தில் 248 நாட்கள் பட்டியலின் உச்சியில் இருந்தோம். ஏப்ரலில் லிவர்பூலுக்கு எதிராக 2–0 முன்னிலை, 2–2 இல் முடிந்தது. அடுத்து வெஸ்ட் ஹாமுடனும் அதே 2–0, அதே 2–2. அதற்கடுத்து பட்டியலின் அடியில் கிடந்த சவுத்ஹம்டனுடன் 3–3. கடைசியில் மன்செஸ்டர் சிட்டி 89 புள்ளி, நாங்கள் 84. சரி, அந்த வருடம் கையில் இருந்ததை நழுவவிட்டோம் என்று சொன்னால் ஏற்றுக்கொள்கிறேன்.

அடுத்த வருடத்தைப் பாருங்கள். 89 புள்ளி, 28 வெற்றி. ஒரு போட்டியும் தோற்காமல் கிண்ணம் தூக்கிய எங்கள் 2003–04 அணிக்கே 26 வெற்றி, 90 புள்ளிதான். கடைசி நாள் எவர்டனை வென்றோம். சிட்டியும் வெஸ்ட் ஹாமை 3–1 என்று வென்றதால் இரண்டு புள்ளியில் போனது. அப்படி ஒரு பருவத்தை "வழமைபோலக் கோட்டை விட்டாங்கள்" என்று ஒரே வரியில் முடித்தது எதிர் அணி ரசிகர்கள் இல்லை, எங்கள் ஆட்கள். எனக்கு அது பொறுக்கவில்லை. அந்தப் பெடியள் வைகாசி வரைக்கும் ஓடிய ஓட்டத்துக்கு அது மரியாதையே இல்லை.

மறுபக்கத்து ஆட்களும் இருக்கிறார்கள். ஓகஸ்டில் "இந்த வருசம் எங்கட வருசம்", செப்டெம்பரில் ஒரு சமநிலை வந்தால் "கோச்சை மாத்து". கூர்ந்து பார்த்தால் பல நேரம் இரண்டும் ஒரே ஆள்தான்.

நம்பிக்கையை எந்த அளவில் வைத்திருக்கிறீர்கள்? மட்டக்களப்பு, அம்பாறை ஆட்கள் எந்த அணியாக இருந்தாலும் மனம்விட்டு எழுதுங்கள்.

வாழைச்சேனை யுனைடெட்:

தம்பி, "முடிஞ்சுது" போடுகிற கூட்டத்தில் நானும் ஒருவன். அதற்கு நான் வெட்கப்படவில்லை.

நான் மன்செஸ்டர் யுனைடெட். 2013 இல் எங்கள் பயிற்சியாளர் பெர்கசன் ஓய்வு பெற்றார். போன கையோடு ஏழாம் இடம். 2024–25 இல் பதினைந்தாம் இடம், 42 புள்ளி. இத்தனை வருடமும் ஒவ்வொரு ஓகஸ்டிலும் நம்பு நம்பு என்றால் மனுசன் என்னத்துக்கு ஆவான்?

2025 ஏப்ரலில் லியோனுடன் நடந்த யூரோப்பா லீக் காலிறுதியைச் சொல்கிறேன். மேலதிக நேரம், 109 ஆம் நிமிடம், 4–2 என்று பின்னால் நிற்கிறோம். இங்கே விடியப்புறம் மூன்று மணியை நெருங்குகிறது. மச்சான் டிவியை விட்டு எழும்பிப் போய்ப் படுத்துவிட்டான். நான் இருந்தேன். நம்பிக்கையில் இல்லை, பழக்கத்தில். 114 இல் புரூனோவின் பெனல்டி. 120 இல் மைனூ. அடுத்த நிமிடமே மகுவயர் தலையால் அடித்தார். 5–4! நான் கத்தியதில் வீடே எழும்பிவிட்டது. அந்தச் சந்தோசம் அவ்வளவு பெரிதாக இருந்ததற்குக் காரணம் நான் ஒன்றையும் எதிர்பார்க்காததுதான்.

மறுகா நடந்ததையும் சொல்ல வேண்டும். அதே கிண்ணத்தின் இறுதிப் போட்டி, பில்பாவோவில், டொட்டன்ஹாமிடம் 1–0. லியோனுக்குப் பிறகு "கிண்ணம் எங்களுக்குத்தான்" என்று நம்பிய பெடியள் நாட்கணக்கில் நொந்து திரிந்தார்கள். நான் அடுத்த நாள் வேலைக்குப் போனேன். மழை வரும் என்று தெரிந்தால் குடையோடு போவதில் என்ன பிழை?

காத்தான்குடி மட்ரிட்:

அண்ணன், உங்கள் அணி இப்போது இருக்கிற நிலையில் நீங்கள் சொல்வது விளங்குகிறது. ஆனால் அதை எல்லோருக்கும் பொதுவாக்க வேண்டாம்.

2022 நோன்பு மாதம், சம்பியன்ஸ் லீக்கில் சிட்டி–ரியல் மட்ரிட் அரையிறுதியின் முதல் ஆட்டம். 4–3 என்று தோற்றோம். முடிந்து கொஞ்ச நேரத்தில் ஸஹருக்கு எழும்ப வேண்டும், ஆகவே யாருமே படுக்கவில்லை, இருந்து கதைத்துக்கொண்டே இருந்தோம். அந்த இரவு ஒருவராவது "முடிஞ்சுது" என்று சொல்லவில்லை. பெருநாள் முடிந்து இரண்டாம் ஆட்டம். 73 ஆம் நிமிடம் மஹ்ரெஸ் அடித்தார். 90 ஆம் நிமிடம் வரைக்கும் இரண்டு கோல் பின்னால். அப்புறம் ரொட்ரிகோ ஒன்று, அடுத்த நிமிடமே இன்னொன்று, மேலதிக நேரத்தில் பென்சிமாவின் பெனல்டி. இரண்டு ஆட்டமும் சேர்த்து 6–5 என்று வென்றோம்.

நீங்கள் எதிர்பார்க்காமல் சந்தோசப்பட்டீர்கள். நாங்கள் கடைசி வரை எதிர்பார்த்துக்கொண்டே இருந்து சந்தோசப்பட்டோம். எங்கள் சந்தோசம் உங்களுடையதைவிடச் சின்னது என்று யார் சொன்னது?

வாழைச்சேனை யுனைடெட்:

ரியல் ரசிகருக்கு நம்பிக்கை வைப்பது லேசு தம்பி. கிண்ணங்களை எண்ணவே நேரம் போதாது உங்களுக்கு.

கல்முனை கணக்கு சேர்:

இதில் உணர்ச்சியை ஒருக்கா ஒதுக்கி வைத்துவிட்டு விளையாட்டையே பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

உதைபந்தாட்டத்தில் ஒரு போட்டிக்குச் சராசரியாக மூன்று கோல் அளவில்தான் விழுகிறது. கூடைப்பந்தில் ஓர் அணி நூறு புள்ளி எடுக்கும். அங்கே நல்ல அணி இருபது பிழை விட்டாலும் மீதி நேரத்தில் அதைச் சரிக்கட்டிவிடும். இங்கே ஒரு பந்து ஒருவரின் முழங்காலில் பட்டுத் திசை மாறினால் முழுப் போட்டியும் போய்விடும். கோல் குறைவாக இருப்பதால்தான் பலமில்லாத அணிக்கும் எப்போதும் ஒரு வழி திறந்து இருக்கிறது. பெனல்டியைக்கூட யோசியுங்கள். உலகத் தரத்திலேயே நாலில் ஒன்று அளவில் தவறுகிறது.

2022 நவம்பர் 22, ஆர்ஜென்டினா–சவூதி. 36 போட்டிகள் தோற்காமல் வந்த அணி, மெஸ்ஸி பத்தாம் நிமிடத்திலேயே பெனல்டி அடித்த பிறகும், 2–1 என்று தோற்றது. அன்று பின்னேரம் கல்முனையில் ஆர்ஜென்டினாக் கொடியைக் கழற்றியவர்களை நானே கண்டேன். டிசெம்பர் 18 அதே அணி உலகக் கிண்ணம் தூக்கியது. அந்த இறுதியிலும் 80 ஆம் நிமிடம் வரை 2–0, பிறகு எம்பாப்பே 97 விநாடிக்குள் இரண்டு கோல். 3–3 ஆகி, பெனல்டியில் 4–2. அந்த ஒரு மாதத்தில் உறுதியாகச் சொல்லப்பட்ட எது நின்றது?

2015–16 பிரீமியர் லீக்கில் லெஸ்டர் இன்னும் பெரிய கதை. முந்தைய பருவத்தில் பதினான்காம் இடம். பந்தயக்காரர்கள் 5000 இற்கு 1 கொடுத்தார்கள். 81 புள்ளியோடு கிண்ணம் எடுத்தார்கள். 2023 இல் அதே லெஸ்டர் கீழ்ப் பிரிவுக்கு இறங்கியது.

"கட்டாயம் வெல்வோம்" என்பவரும் "கட்டாயம் தோற்போம்" என்பவரும் இந்த விளையாட்டைப் பற்றி ஒரே பிழையைத்தான் விடுகிறார்கள் என்பது என் எண்ணம். நான் "இதே போட்டியைப் பத்துத் தடவை விளையாடினால் எத்தனை தடவை வெல்வோம்" என்று பார்ப்பேன். மூன்று என்று வந்தால், இன்று அந்த மூன்றில் ஒன்றாக இருக்கலாம். உட்கார்ந்து பார்க்க அது போதும்.

வாழைச்சேனை நண்பருக்கு ஒரு சின்ன விடயம். லியோன் போட்டியில் 89 ஆம் நிமிடமே டொலிசோவுக்குச் சிவப்பு அட்டை. மேலதிக நேரம் முழுக்க லியோனில் பத்துப் பேர்தான். களைத்த பத்துப் பேருக்கு எதிராக, சொந்த மைதானத்தில், இரண்டு கோல் பின்னால். அது ஒன்றும் கைவிட வேண்டிய நிலை இல்லையே? அவநம்பிக்கை பல நேரம் ஆட்டத்தைப் பார்க்கவே விடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

காரைதீவு எட்டாம் நம்பர்:

சேர் சொன்னதற்கு மேலே ஒன்று. தயவுசெய்து இந்தப் பத்தில் மூன்றை வைத்துக்கொண்டு போனில் காசு கட்டப் போகாதீர்கள். எங்கள் ஊரில் நல்ல ரசிகர்களாக இருந்த இரண்டு மூன்று பெடியள் அதில் விழுந்தார்கள். இப்போது அவர்கள் கோலைப் பார்ப்பதில்லை, மிச்சக் காசைத்தான் பார்க்கிறார்கள். நம்பிக்கையும் போய் விளையாட்டும் போய்விட்டது.

ஆரையம்பதி பழைய ரசிகர்:

பிள்ளைகள் எழுதியதையெல்லாம் வாசித்தேன். கொஞ்சம் பழைய கதை சொல்ல இடம் தாருங்கள்.

1990 உலகக் கிண்ணம் ஜூன் 8 ஆம் திகதி தொடங்கியது. முதல் போட்டியிலேயே கமரூன் மரடோனாவின் ஆர்ஜென்டினாவை 1–0 என்று வென்றது. கடைசியில் கமரூன் பக்கம் ஒன்பது பேர்தான் நின்றார்கள். அன்று இரவு நாங்கள் பட்ட சந்தோசத்துக்கு அளவே இல்லை. மூன்றாம் நாள், ஜூன் 11, மட்டக்களப்பில் மறுபடி யுத்தம் மூண்டது. அதோடு கரண்ட் போனது, டிவி போனது, மறுகா ஊரைவிட்டே போனோம். கமரூன் காலிறுதி வரை வந்து இங்கிலாந்திடம் 3–2 என்று தோற்றதையும், இறுதிப் போட்டியில் 85 ஆம் நிமிடம் பிரெமே பெனல்டி அடித்து ஜேர்மனி வென்றதையும் பிந்தித்தான் அறிந்தேன். இடம்பெயர்ந்த இடத்தில் ஒரு சின்ன றேடியோ, அதுவும் பற்றரி இருந்தால்தான்.

அந்த நாட்களில் பெடியள் எதைப் பற்றிக் கதைத்தார்கள் என்று நினைக்கிறீர்கள்? ரொஜர் மில்லா கோல் அடித்துவிட்டுக் கொடிக் கம்பத்தடியில் ஆடிய ஆட்டத்தைப் பற்றித்தான். பார்த்தவர் யாரும் இல்லை. கேள்விப்பட்டதை வைத்தே ஆடிக் காட்டினார்கள். 38 வயது மனுசன் உலகக் கிண்ணத்தில் கோல் அடிக்கிறார் என்பது எங்களுக்கு எவ்வளவு பெரிய தென்பு என்று இன்றைக்குச் சொன்னால் விளங்குமோ தெரியாது.

அதனால் ஒரு மெட்ச் தோற்றால் பருவமே போனது என்று துவண்டு போவதை என்னால் ஏற்க முடியவில்லை. கோபிக்க வேண்டாம், தம்பிமார். போட்டி ஒழுங்காக நடக்கிறது, கரண்ட் இருக்கிறது, பக்கத்தில் கூட்டாளிமார் இருக்கிறார்கள். எனக்கு அங்கேயே பாதி வெற்றி கிடைத்துவிடுகிறது.

கல்லடி ஆர்சனல்:

ஐயா, இதை எழுதியதற்கு மிக்க நன்றி. என் அப்பாவும் அந்த வருடத்தைப் பற்றிக் கதைக்கவே மாட்டார். மில்லாவின் பெயரை மட்டும் சொல்வார்.

ஆனால் ஒன்று கேட்க வேண்டும். நீங்கள் பட்டதை வைத்துப் பார்த்தால் எங்கள் கவலை சின்னதுதான். அப்படியென்றால் தோற்றால் நோகாமல் இருக்கப் பழக வேண்டுமா? நோவு இல்லாமல் ஓர் அணியை நேசிக்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஆரையம்பதி பழைய ரசிகர்:

நோகட்டும் மகன். யார் வேண்டாம் என்றது? அடுத்த மெட்ச்சுக்கு வந்து இருக்க வேண்டும், அவ்வளவுதான் நான் கேட்பது.

தேற்றாத்தீவு டீச்சர்:

எல்லோரும் எண்ணாயிரம் கிலோமீற்றருக்கு அப்பால் இருக்கிற அணிகளைப் பற்றியே எழுதியிருக்கிறீர்கள். அதில் எனக்குக் குறை இல்லை, நானும் பார்ப்பேன். ஆனால் நீங்கள் யாரும் தொடாத பக்கம் ஒன்று இருக்கிறது.

கல்லடித் தம்பி நம்பினாலும் நம்பாவிட்டாலும் எமிரேட்ஸ் மைதானத்தில் 60,000 பேர் இருப்பார்கள். அவருடைய அவநம்பிக்கையால் ஆர்சனலுக்கு ஒரு சதமும் நட்டமில்லை. மட்டக்களப்பு வெபர் மைதானத்தில் ஒரு மாவட்டப் போட்டிக்கு எத்தனை பேர் வருகிறார்கள்? வலய மட்டப் பாடசாலைப் போட்டிக்கு? அங்கே ஒருவர் "எப்படியும் தோற்பாங்கள்" என்று வீட்டில் இருந்தால் அது அப்படியே மைதானத்தில் தெரியும்.

நான் பெண்பிள்ளைகளின் அணி ஒன்றைப் பழக்குகிறேன். பாதிப் பேர் வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரைப் பிள்ளைகள். மண்டூர்ப் பக்கமிருந்து வாவியைக் கடக்கும் பாதையில் (படகுச் சேவை) ஏறி, குருமண்வெளியில் இறங்கி, பஸ் பிடித்து வருவார்கள். மாரி மழைக்கு மைதானம் குளம்போலக் கிடக்கும், வாரக்கணக்கில் பயிற்சி நின்றுவிடும். மாகாண மட்டத்துக்குப் போனால் எங்களைவிட நல்ல வசதியுள்ள அணிகள் வரும். இதெல்லாம் உண்மை. இதைச் சொல்லித்தான் ஒரு தகப்பன், "எப்படியும் முதல் சுற்றில் வெளியேதானே டீச்சர், பிறகு ஏன் பிள்ளையை இழுத்தடிக்கிறீர்கள்" என்று கேட்டார். அவர் கெட்ட மனுசன் இல்லை. பிள்ளை வீட்டுக்கு வர இருட்டிவிடும் என்ற பயம் அவருக்கு. ஆனால் அடுத்த கிழமை அந்தப் பிள்ளை வரவில்லை. அவள் எங்கள் நடுக்களத்தில் மிக நல்ல ஆள். அவள் இல்லாமல் போட்டிக்குப் போனோம், முதல் சுற்றில் வெளியே வந்தோம். "நான் சொன்னேன்தானே" என்றார் அவர்.

இங்கே அவநம்பிக்கை முன்கூட்டிச் சொல்வதில் நிற்பதில்லை. சொன்னதை நடத்தியும் வைக்கிறது. தூரத்து அணியில் எவ்வளவு சோர்ந்தாலும் சோருங்கள், அது உங்கள் மனதோடு போய்விடும். பக்கத்து அணி உங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

வாழைச்சேனை யுனைடெட்:

டீச்சர், நீங்கள் எழுதியதை மதிக்கிறேன். ஆனால் இன்னொரு பக்கமும் இருக்கிறது. நான் சின்ன வயதில் ஊர்க் கழகத்துக்கு விளையாடியவன். ஒரு சுற்றுப்போட்டிக்குப் போகும்போது பெரியவர்கள் எல்லோரும் "நீங்கள்தான் வெல்வீர்கள், உங்களை அடிக்க ஆளில்லை" என்று ஏற்றிவிட்டார்கள். 6–0. அதற்குப் பிறகு எங்களில் அரைவாசிப் பேர் பந்தைத் தொடவே இல்லை. இல்லாத நம்பிக்கையைக் கொடுத்துப் பிள்ளைகளை உடைப்பதைவிட உண்மையைச் சொல்லிக் கூட்டிப்போவது மேல்.

தேற்றாத்தீவு டீச்சர்:

உண்மையைத்தான் சொல்கிறேன். "அவர்கள் உங்களைவிட வேகம், உயரம், நேர் போட்டியில் பெரும்பாலும் தோற்போம்" என்று அப்படியே சொல்வேன். பிறகு "முதல் இருபது நிமிடம் கோல் விடாமல் நிற்போம்" என்பேன். இருபது முடிந்தால் "இடைவேளை வரைக்கும்". போன தடவை இடைவேளை வரை 0–0. கடைசியில் 2–0 என்று தோற்றோம். பஸ்ஸில் திரும்பி வரும்போது பாட்டுப் பாடிக்கொண்டு வந்தார்கள். அடுத்த பயிற்சிக்கு அத்தனை பேரும் வந்தார்கள்.

உங்களை ஏற்றிவிட்ட பெரியவர்கள் 6–0 இற்குப் பிறகு அடுத்த நாள் மைதானத்துக்கு வந்தார்களா? அதைத்தான் நான் கேட்பேன்.

வாழைச்சேனை யுனைடெட்:

ஒருவரும் வரவில்லை.

கல்முனை கணக்கு சேர்:

டீச்சர் செய்வது கணக்கிலும் சரி. பலமில்லாத அணிக்குக் கோல் குறைந்த போட்டிதான் நல்லது. 0–0 ஆகப் போகும் ஒவ்வொரு நிமிடமும் அந்தப் பத்தில் மூன்றைக் கொஞ்சம் கூட்டும்.

அக்கரைப்பற்று நீலம்:

இரண்டுக்கும் நடுவில் இலங்கை அணி இருக்கிறதே, அதை எங்கே வைப்பது?

1995 இல் கொழும்பில் இந்தியாவை 1–0 என்று வென்று தெற்காசியக் கிண்ணம் எடுத்தோம். அதற்குப் பிறகு அந்தக் கிண்ணம் திரும்பி வரவில்லை. 2021 நவம்பரில் கொழும்பில் நடந்த நான்கு நாடுகள் போட்டியில் இறுதி வரை வந்து சீஷெல்ஸிடம் பெனல்டியில் தோற்றோம். 2023 ஜனவரியில் ஃபிஃபா எங்கள் உதைபந்தாட்டச் சம்மேளனத்தைத் தடை செய்தது, ஓகஸ்ட் வரை நாட்டுக்கே சர்வதேசப் போட்டி இல்லை. தரவரிசையில் 200 இற்கும் கீழே. அந்த நேரம் நான் முழுதாகக் கைவிட்டுவிட்ட நிலையில்தான் இருந்தேன். வீரர்களில் குறை இல்லை, அவர்கள் விளையாடவே விடப்படவில்லை. அதுதான் இன்னும் கோபம்.

அப்புறம் 2024 செப்டெம்பரில், ஆசியக் கிண்ணத் தகுதிகாண் போட்டியில், கம்போடியாவை அவர்களுடைய மண்ணிலேயே பெனல்டியில் வென்றார்கள். ஐரோப்பாவிலும் அவுஸ்திரேலியாவிலும் பிறந்து வளர்ந்த எங்கள் வம்சாவளிப் பெடியள் இங்குள்ளவர்களோடு சேர்ந்து விளையாடுகிறார்கள். இங்கே எத்தனை பேர் அந்தப் போட்டியைப் பார்த்தோம்? அன்று எங்கள் குழுவில் இங்கிலாந்து அணிகளைப் பற்றித்தான் கதை ஓடியது. டீச்சர் சொன்ன அந்தப் பார்வை இங்கேயும் பொருந்தும். கொழும்பில் போட்டி நடந்தால் இரவு பஸ்ஸில் போய்ப் பார்த்துவிட்டு வர முடிகிற அணி இது ஒன்றுதானே.

காத்தான்குடி மட்ரிட்:

நீலம் காக்கா, அடுத்த முறை கொழும்பில் மெட்ச் என்றால் சொல்லுங்கள். இங்கிருந்து ஒரு வேன் நிரப்பலாம், இன்ஷா அல்லாஹ்.

கல்லடி ஆர்சனல்:

டீச்சர் எழுதியதை இரண்டு மூன்று தடவை வாசித்தேன். முழுதாக ஒத்துக்கொள்ள என்னால் முடியவில்லை. தூரத்து அணியில் எப்படியும் சோரலாம் என்கிறீர்கள். ஆனால் ஆர்சனல் மெட்ச்சைப் பார்த்து "எங்களால ஏலாது" என்று சொல்லிப் பழகிய வாய், வெபர் மைதானத்துக்கு வந்தும் அதையே சொல்கிறது. எங்கள் குழுவில் நான் காண்பது அதுதான். அதனால் இரண்டிலும் ஒரே மாதிரி இருக்கவே விரும்புகிறேன்.

மற்றதை மறுக்க முடியாது. உங்கள் அடுத்த போட்டி எப்போது?

தேற்றாத்தீவு டீச்சர்:

சனிக்கிழமை பின்னேரம் நாலு மணி, எங்கள் பாடசாலை மைதானத்தில், சிநேகபூர்வப் போட்டி. யாரும் வரலாம். மண்டூர்ப் பிள்ளைகள் கடைசிப் பாதையைப் பிடிக்க வேண்டும், ஆகவே நேரத்துக்குத் தொடங்கிவிடுவோம்.

வாழைச்சேனை யுனைடெட்:

வருகிறேன் டீச்சர். என் மகளுக்குச் சின்னதாகிப்போன பூட்ஸ் இரண்டு சோடி வீட்டில் கிடக்கிறது, பெரிதாகப் பழுதில்லை. பிள்ளைகளின் கால் அளவைச் சொன்னால் மச்சான் வீட்டிலும் கேட்டுப் பார்க்கிறேன்.

தேற்றாத்தீவு டீச்சர்:

மிக்க நன்றி. 4 உம் 5 உம்தான் கூடுதலாகத் தேவை. கோல்கீப்பர் பிள்ளைக்கு மட்டும் 6. கையுறையும் இருந்தால் கொண்டுவாருங்கள், அவளுடையது கிழிந்துவிட்டது.